ஆறு பொறிகள்

எழுபதுகளில் ஒரு சிப்பைத் திருடுவதற்குப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. கடையில் ஒன்று வாங்கி, மேல்மூடியை அமிலத்தில் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, அப்படியே வரைந்துகொண்டால் போதும். காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்குத்தான். சிலிக்கன் மேல் போட்ட கோலத்துக்கு அமெரிக்காவில் தனிச் சட்டம் இல்லை.

1976-இல் இசட்-80 சிப்பை வெளியிட்ட ஸைலாக் நிறுவனத்தின் ஃபெடெரிகோ ஃபாஜினுக்கு இந்தப் பயம் இருந்தது. அவரும் மசடோஷி ஷிமாவும் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். சில டிரான்சிஸ்டர்கள் பார்வைக்குச் சாதாரண சுவிட்ச் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே அயனிகளைச் செலுத்தி, எப்போதும் ஆன் நிலையில் இருக்கும்படி செய்துவிட்டார்கள். படத்தில் அது தெரியாது. கண்ணை நம்பி வரைந்தவருடைய சிப் ஓடாது. இப்படி ஆறு இடத்தில் பொறி வைத்ததாகவும், நகலெடுத்தவர்களுக்கு அதனால் ஆறு மாதம் போனதாகவும் ஷிமா சொல்லியிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டு ஆறே மாதம்!

இதில் ஒரு வேடிக்கை. இதே இருவரும்தான் முன்பு இன்டெலில் 8080-ஐ உருவாக்கியவர்கள். அதன் நிரல்கள் இசட்-80-இலும் ஓடும். அப்போ இதுவும் திருட்டா? இல்லை என்பேன். நிரல் ஒன்றுதான், கோலம் புதிது.

1984-இல் வந்த அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய அப்படியே கோடு கிழித்தது: கோலத்துக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு, பிரித்துப் பார்த்துப் படித்து, சொந்தமாக வேறு வரைந்தால் குற்றமில்லை. அதற்குள் கிழக்கு ஜெர்மனியில் யு-880 என்ற பெயரில் இசட்-80-இன் நகல் தயாராகிக்கொண்டிருந்தது. அதுவும் நன்றாகவே ஓடியது.