புளோரைடு பற்பூச்சு

புளோரைடு பற்பூச்சு என்பது பற்சொத்தை உண்டாகாமல் தடுப்பதற்காகப் பற்களின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தடவப்படும் ஒரு மருந்து ஆகும். இது பெரும்பாலும் குழந்தைகளுக்கே பயன்படுத்தப்படுகிறது. ஊசி போடுதலோ பல்லைக் குடைதலோ இதற்குத் தேவையில்லை. மின்சாரமும் பல் மருத்துவ நாற்காலியும் இல்லாத வகுப்பறையிலும் அங்கன்வாடியிலும் சில நிமிடங்களில் இதனைச் செய்து முடிக்கலாம். ஏற்கெனவே குழி விழுந்த பல்லை இப்பூச்சு அடைக்காது. குழி விழும் முன்னரே பூசப்பட்டால்தான் இதன் முழுப் பயனும் கிடைக்கும்.

பால் பற்களும் பற்சொத்தையும்

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பால் பல் முளைக்கிறது. இரண்டரை வயதளவில் இருபது பால் பற்களும் வந்துவிடுகின்றன. "பால் பல் எப்படியும் விழப்போவதுதானே" என்று அவற்றைக் கவனியாமல் விடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவை சொத்தையானால் வலியால் குழந்தையின் உணவும் உறக்கமும் படிப்பும் பாதிக்கப்படுகின்றன. சீழ்த்தொற்று வேரின் அடியில் வளரும் நிலைப்பல்லையும் தாக்கக்கூடும். பால் பல்லை உரிய காலத்திற்கு முன் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அவ்விடத்தில் சாய்ந்து, நிலைப்பல் வரிசை கோணலாகலாம்.

இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் 5 வயதுக் குழந்தைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும், 12 வயதினரில் 53.8 விழுக்காட்டினருக்கும், 15 வயதினரில் 63.1 விழுக்காட்டினருக்கும் பற்சொத்தை இருப்பது கண்டறியப்பட்டது.

அமைப்பு

பரவலாகப் பயன்படும் பற்பூச்சில் 5 விழுக்காடு சோடியம் புளோரைடு உள்ளது. பத்து இலட்சம் பங்கில் 22,600 பங்கு புளோரைடு என்பது இதற்கு ஈடான அளவாகும். இந்தியாவில் பற்பசைகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1,000 பங்கு மட்டுமே. பைன் மரத்திலிருந்து எடுக்கப்படும் குங்கிலியம் போன்ற பிசினைச் சாராயத்தில் கரைத்து, அதில் இம்மருந்து கலக்கப்படுகிறது. உமிழ்நீர் பட்டவுடன் பிசின் இறுகிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. இதனால் மருந்து விரைவில் கழுவப்படாமல் பல மணிநேரம் பல்லின்மேல் தங்குகிறது.

செயற்படும் விதம்

வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லைச் சூழ்ந்த நீர்மத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலுள்ள கால்சியமும் பாசுபேட்டும் கரைகின்றன. அமிலம் தணிந்ததும் உமிழ்நீரிலிருந்து அவை மீண்டும் பல்லில் படிகின்றன. கரைதல் படிதலை விஞ்சும்போது சொத்தை தொடங்குகிறது. அதன் முதல் அறிகுறி ஈறு ஓரத்தில் தோன்றும் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி ஆகும்.

பற்பூச்சிலுள்ள புளோரைடு பல்லின் கால்சியத்துடன் சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிகிறது. வாயில் அமிலம் மிகும்போது இப்படிவிலிருந்து புளோரைடு சிறிது சிறிதாக வெளியேறி, தாதுக்கள் மீண்டும் படிவதைத் தூண்டுகிறது. அவ்வாறு உருவாகும் புதிய எனாமல் முன்னதைவிட அமிலத்தை அதிகம் தாங்கும். எனவே வெண்புள்ளி நிலையிலுள்ள சொத்தையை நிறுத்தவோ பின்வாங்கச் செய்யவோ இயலும்.

பூசும் முறை

பற்களைத் துலக்கியோ பஞ்சினால் துடைத்தோ ஈரம் நீக்கப்படுகிறது. பின்னர் சிறு தூரிகையால் எல்லாப் பற்களிலும் மருந்து மெல்லியதாகத் தடவப்படுகிறது. கைக்குழந்தையாயின் தாயும் மருத்துவரும் முழங்கால்கள் தொடும்படி எதிரெதிரே அமர்ந்து, குழந்தையின் தலையை மருத்துவர் மடியில் கிடத்திப் பூசுவது வழக்கம். பால் பற்கள் மட்டும் உள்ள குழந்தைக்கு 0.25 மில்லிலிட்டர் வரையும், பால் பற்களும் நிலைப்பற்களும் கலந்துள்ள பருவத்தில் 0.40 மில்லிலிட்டர் வரையும் போதுமானது.

பூசிய பின் குறைந்தது நான்கு மணிநேரம் கடினமான உணவையும் பல் துலக்குவதையும் தவிர்க்க வேண்டும். சில வகைப் பூச்சுகளால் பற்கள் மஞ்சளாகத் தோன்றும். அடுத்த முறை துலக்கும்போது இந்நிறம் மறையும். பொதுவாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை பூசப்படுகிறது. சொத்தை வரும் வாய்ப்பு மிகுந்தோருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை பூசுவதும் உண்டு.

வரலாறும் சான்றுகளும்

முதல் புளோரைடு பற்பூச்சு 1964இல் செருமனியில் உருவாக்கப்பட்டது. பின்னர் டியூராபாட் என்னும் வணிகப் பெயரில் ஐரோப்பிய நாடுகளில் பரவியது. அமெரிக்காவில் 1994இல் அனுமதி பெற்றது. இந்தியாவில், சண்டிகரில் நடத்தப்பட்ட இரண்டரை ஆண்டு ஆய்வொன்று 1990இல் வெளிவந்தது. சோடியம் புளோரைடு கரைசல், அமிலப் பாசுபேட்டு புளோரைடு, பற்பூச்சு ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது.

காக்ரேன் கூட்டமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 22 ஆய்வுகளையும் 12,455 குழந்தைகளையும் கணக்கில் கொண்டது. அதன்படி, பற்பூச்சினால் நிலைப்பற்களின் பரப்பில் சொத்தை சராசரியாக 43 விழுக்காடும், பால் பற்களின் பரப்பில் 37 விழுக்காடும் குறைந்தது. 

பாதுகாப்பு

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருந்ததால் பலருக்குப் பற்கறையும் எலும்புப் பாதிப்பும் ஏற்பட்டன. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. இதனால் புளோரைடு என்ற சொல்லே தமிழ்நாட்டில் அச்சத்தைத் தருவதுண்டு. ஆயினும் இவ்விரண்டும் வேறு. பற்கறை என்பது பற்கள் உருவாகும் வயதில் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் மிகுதியான புளோரைடை விழுங்குவதால் வருவது. பற்பூச்சோ ஆண்டுக்குச் சில முறை பல்லின் மேற்புறத்தில் மட்டும் தடவப்படுவது. 0.25 மில்லிலிட்டர் பூச்சில் உள்ள புளோரைடு ஏறத்தாழ 5.65 மில்லிகிராம் ஆகும். நச்சாகக்கூடும் எனக் கருதப்படும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 60 மில்லிகிராம் ஆகும்.

பிசின் ஒவ்வாமை, கடும் ஆசுத்துமா, வாய்ப்புண், ஈறுகளில் புண் ஆகியவை உள்ள குழந்தைகளுக்கு இதனைப் பூசுவதில்லை.

கடலூர் மாவட்டத்தில்

கடலூர் மாவட்டத்தின் பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில் உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1980இல் இராசா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்ட இது, 2021இல் மாநில நல்வாழ்வுத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டது. பண்ருட்டி மாவட்டத்தின் வடக்கிலும் சிதம்பரம் தென்கிழக்கிலும் அமைந்துள்ளன. முந்திரிக் கொட்டை உடைத்தல் போன்ற கூலி வேலை செய்யும் பெற்றோர் குழந்தையின் பல்லுக்காக அவ்வளவு தொலைவு செல்வதென்றால் ஒரு நாள் வருமானத்தை இழக்க நேரிடும். பூச்சைக் குழந்தை இருக்கும் இடத்திற்கே கொண்டு செல்ல முடிவது இத்தகைய ஊர்களுக்கு முக்கியமானது.

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் சுவாஸ்திய காரியகிரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்கின்றன. பல் நோய்களும் இக்குழுக்களின் பரிசோதனையில் அடங்கும். அங்கன்வாடி வருகையின் இடைவெளி பற்பூச்சின் ஆறு மாத இடைவெளியோடு ஒத்துள்ளது. எனினும் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவதே இக்குழுக்களின் முதன்மைப் பணி. தமிழ்நாடு அரசு 2023இல் பள்ளி மாணவர்களுக்கான பற்பரிசோதனைத் திட்டத்தைப் 'புன்னகை' என்னும் பெயரில் தொடங்கியது.

பண்ருட்டி பலாப்பழத்திற்குப் பெயர்பெற்றது. முழுப் பழத்திலுள்ள இயற்கைச் சர்க்கரையை உலக நலவாழ்வு அமைப்பு தன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகக் கணக்கிடுவதில்லை. இரவில் புட்டியில் கொடுக்கும் இனிப்புப் பாலும், அடிக்கடி தின்னும் ஒட்டும் மிட்டாய்களும், பழச்சாறுமே பற்களுக்கு மிகுந்த கேடு தருபவை.

வரம்புகள்

பற்பூச்சு நாள்தோறும் பல் துலக்குவதற்கு மாற்று அன்று. ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லின் ஆழமான பள்ளங்களுக்கு, அவற்றை மூடும் அடைப்புப் பூச்சும் தேவைப்படலாம். குழி விழுந்த பல்லுக்கு அடைத்தலோ வேர்ச் சிகிச்சையோ செய்ய வேண்டும். ஒருமுறை மட்டும் பூசிவிட்டு நிறுத்தினால் நீடித்த பயன் கிடைக்காது.