'மூளை வயது' எதை அளந்தது?

நிண்டெண்டோ டிஎஸ் எனும் கையடக்கக் கருவிக்காக 2005 மே மாதம் ஜப்பானில் வெளிவந்த மூளைப் பயிற்சி விளையாட்டு, தோஹொக்கு பல்கலைக்கழகத்து ரியூட்டா கவாஷிமாவின் நூலை அடியொற்றியது. எளிய கணக்குகளை விரைந்து போடுகையில் மூளையின் முன்பகுதி சுறுசுறுப்படைகிறது என்பது அவர் வாதம். முதியோரையும் ஈர்த்த புதுமையென விளையாட்டு விமர்சகர்கள் அதனை வரவேற்றனர். உளவியலாளர் ஐயுற்றனர்: சுறுசுறுப்பும் வளர்ச்சியும் ஒன்றாகுமா?

ஐயம் பழையது. ஒன்றில் பெற்ற பயிற்சி வேறொன்றிற்கு எளிதில் கடவாது என்று தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901இலேயே காட்டினர். 2010இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் இத்தகைய கணினிப் பயிற்சிகளை 11,430 பேரிடம் ஆறு வாரம் ஆய்ந்தனர். பழகிய பணியில் தேர்ச்சி கூடியது, பழகாததற்குப் பரவவில்லை.

பெங்களூருவில் பிறந்த சகுந்தலா தேவி, 1980இல் இலண்டனில் இரு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கியவர். 1988இல் அவரைச் சோதித்த ஆர்தர் ஜென்சன், எளிய தூண்டல்களுக்கான அவரது துலங்கல் நேரம் வியக்கத்தக்கதன்று எனக் கண்டார். கணக்கின் வேகம் மூளை முழுவதன் வேகமன்று.

எனவே, திரையில் இறங்கிவரும் 'மூளை வயது' முதன்மையாக அளப்பது அவ்விளையாட்டில் ஏறிவரும் பழக்கத்தையே. முதுமையின் மறதிக்கு அஞ்சுவோரிடம் அவ்வெண்ணை மருந்துபோல் நீட்டுவது அறமாகாது.