படுக்கைப்புண்ணும் புளிப்பு மருந்தும்

வெள்ளவத்தை வீட்டில் வாப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இடுப்புக்குக் கீழே காசளவு சிவப்பு பத்து நாளில் குழிப்புண்ணாயிற்று. சீழைப் பரிசோதித்தால், வழக்கமான அன்டிபயோட்டிக் எதற்கும் மசியாத பற்றீரியா. வைத்தியர் ஐதான அசற்றிக் அமிலத்தால் கழுவச் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மிஸ்ஸி போத்தலைத் திறந்ததும் வினாகிரி வாசம்! “பழைய மருந்துதான் சேர். ஆனா வாப்பாவத் திருப்பாட்டி ஒண்டும் வேல செய்யாது” என்றார். அந்த ‘பழைய’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடினேன்.

1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பொலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, ஹென்றி டேக்கின் ஐதான ஹைப்போகுளோரைட் கரைசலைத் தயாரித்தார். அலெக்ஸிஸ் கரெல் அதைக் குழாய்வழியே புண்ணுக்குள் செலுத்திக் கழுவினார். அதே போரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் எச்சரித்தார்: கடுமையான தொற்றுநீக்கி ஆழத்துக் கிருமியைத் தொடாமல், அதனோடு போராடும் வெண்குருதிக் கலங்களையே அழிக்கிறது. 1940களில் பெனிசிலின் பரவியதும் இவையெல்லாம் பின்னுக்குப் போயின. ஆனால் 1961இலேயே, மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டெபிலோகொக்கஸ் இங்கிலாந்தில் பதிவாயிற்று.

புளிப்பு திரும்பி வந்தது. 1990களின் இறுதியில் மகாராஷ்டிரத்து லாத்தூரில் பி. எஸ். நகோபா குழுவினர், மருந்துக்கு அடங்காத புண்களுக்கு 3 வீத சித்திரிக் அமிலத்தைப் பூசிப் பலன் கண்டதை எழுதினர். அமிலச் சூழலில் பல கிருமிகள் பெருகமாட்டா. அதற்காக வீட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடக் கூடாது, அளவு வைத்தியருடையது.

இங்கே ஒரு திருத்தம். சித்திரிக் அமிலத்தைக் கண்டவர் ஜாபிர் இப்னு ஹையான் என்று நம் மேடைகளில் முழங்குவோம். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது, 1784இல் சுவீடனின் ஷீலே அதை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பளிங்காகப் பிரித்தார் என்பதே. ஆதாரமில்லாத பெருமை நமக்கெதற்கு?

பெருமைப்பட வேறொன்று இருக்கிறது. குகைவாசிகள் வலப்புறமும் இடப்புறமும் புரட்டப்பட்டதை சூரா அல்கஹ்ஃப் சொல்கிறது. மண் உடலைத் தின்றுவிடாதிருக்கவே அப்படி என்று தப்ஸீர்கள் விளக்குகின்றன. வெள்ளிதோறும் ஓதியும் எனக்கு அது உறைக்கவில்லை. அழுத்தத்தால் இரத்தம் ஓடாத சதைக்கு எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது.

அதன்பின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் வாப்பாவைத் திருப்பினோம். புண் மெதுவாகத்தான் மூடியது. கழுவியது பாதி, திருப்பியது மீதி.