தங்கவயல்: பொன் எடுத்தோர் வரலாறு

நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கீழப்பாவூரிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஓர் ஊரின் வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலே அவ்வூர். 2018இலும் 2024இலும் வெளிவந்த திரைப்படங்களால் அதன் பெயரை இளைஞர் அனைவரும் அறிவர். ஆயின், அங்குப் பொன் எடுத்தோர் யாவர் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மாரிகுப்பம், உரிகம் ஆகிய சிற்றூர்களின் மண்ணில் பொன் கிடைப்பதை 1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் பதிவு செய்தார். அதற்கு முன்பே அவ்வூர் மக்கள் பொன்னை அரித்தெடுத்து வந்தனர். 1870களில் லவேல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின் சுரங்கத் தொழில் பெருகிற்று. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் ஆக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து இச்சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்!

இத்துணை வசதியும் எந்திரங்களுக்கே. பாறையைத் துளைத்தோர் தட்டிக் குடிசைகளில் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஆதிதிராவிட மக்கள். பஞ்சமும், நிலமின்மையும், சாதிக் கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. சொந்த ஊரில் கிடைக்காத ரொக்கக் கூலி அங்குக் கிடைத்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையோ பெரிது. சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அவ்வாழத்தில் பாறையே கொதிக்கும். பாறை வெடித்துச் சிதறினால் உயிர் போகும். எஞ்சியோரின் நுரையீரலைக் கல்தூசி அரித்துவிடும். மேலதிகாரிகளாக வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர்.

இம்மக்கள் தலைகுனிந்தே வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. தொழிலாளர்தம் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது, சங்கம் ஏதுமில்லாத நிலையிலும், 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். குற்றவாளிகளைப் போல் நடத்தப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை. 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் உயிர்நீத்தனர்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் நடுவண் அரசின்கீழ் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. ஆழம் மிகமிகச் செலவு மிகுந்தது. பாறையில் பொன்னின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். நூற்றிருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன். எடுத்தவர்க்கு எஞ்சியவை பழைய லைன் வீடுகளும், காற்றடித்தால் தூசி பறக்கும் சயனைடு மண்மேடுகளுமே. அவர்தம் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் செல்லலாயினர்.

ஆயினும் தங்கவயலிலிருந்து பொன்னினும் விலைமதிப்புள்ள ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் 1914இல் மறைந்தபின், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அங்கே அச்சிட்டது. சுரங்கக் கூலியில் வாழ்ந்த மக்களிடையே எழுத்தும் அச்சும் தழைத்தன என்பது வியப்புக்குரியதன்றோ! பழைய 'தமிழன்' இதழ்களைச் சிலர் பேணிக் காத்தமையால்தான், 1999இல் நம் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் வெளிவர முடிந்தது.

இதில் நமக்குரிய பாடங்கள் இரண்டு. ஒரே தொழிலை, அதுவும் பிறர் உடைமையாக உள்ள தொழிலை, நம்பி ஒரு சமுதாயம் முழுவதும் வாழ்தல் ஆபத்தானது. பீடி சுற்றியும், வயற்கூலி செய்தும், வெளியூர் சென்றும் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. வேறு தொழிலுக்குச் செல்லும் வழியைக் கல்வியே திறக்கும். அக்கல்வியும் வேலை போனபின் தேடத்தக்கதன்று. வேலை இருக்கும்போதே தேடத்தக்கது.

இரண்டாவது, எழுதி வைத்ததே நிற்கும். 800 டன் பொன்னின் கணக்கு ஏடுகளில் இருக்கிறது; அதைத் தோண்டியவர்களுள் எத்தனையோ பேரின் பெயர் எங்கும் இல்லை. இளைஞர்களே! உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் எந்த வயலில் உழைத்தனர், எந்த ஊருக்குப் பிழைக்கச் சென்றனர், முதன்முதல் எழுத்தறிந்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளி விழாக் கண்ட நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில், அவ்வேடுகளே நம் செல்வமாகத் திகழட்டும்.