அடுக்களை வாசலில் நிறுத்தப்படும் கைகள்

ஒரு போன் அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். நாகர்கோவிலில் வயதான ஒரு தம்பதி, பிள்ளைகள் வெளிநாட்டில். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் வேண்டும் என்று மகன் கேட்டார். எனக்குத் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒரு அக்காவைச் சொன்னேன். சம்பளமெல்லாம் பேசி முடித்த பிறகு குரலைத் தாழ்த்தினார்: "தப்பா நினைக்காதீங்க, அவங்க என்ன ஆளு? அம்மைக்கு அதெல்லாம் பாக்கணும்."

வேறு ஆள் கிடைக்காததால் அக்காவையே வேலைக்கு வைத்தார்கள். குளிப்பாட்டலாம், மலம் அள்ளலாம், புண்ணுக்கு மருந்து போடலாம். அடுக்களைக்குள் மட்டும் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர்.

உடலைத் தொடலாம், பானையைத் தொடக் கூடாது என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது?

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நெல்வயல். அந்த வயலில் உழைத்தவர்களில் பலர் விற்கவும் வாங்கவும் பட்ட மனிதர்கள். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளில் அடிமை விற்பனை ஆவணங்கள் இருக்கின்றன, ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பறையரும் புலையரும் நட்டு அறுத்த நெல் பத்தாயத்துக்குள் போகும். அது சோறான பிறகு அவர்கள் கை பட்டால் தீட்டு.

உடலுக்கும் இதே கணக்குதான். பிள்ளைப்பேறு பார்க்க நாவிதர் சமூகத்து மருத்துவச்சி வீட்டுக்குள் வரலாம். வேலை முடிந்ததும் வீட்டைக் கழுவித் தீட்டுக் கழிப்பார்கள். தேவைப்பட்டபோது தொடுகையை வாங்கிக்கொள்வதும், பிறகு அதைக் கழுவிவிடுவதும் சாதிக்குப் பழகிய வழி.

1847இல் மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லித் திருவிதாங்கூர் மன்னரிடம் மனுக் கொடுத்தார்கள். 1853இல் அரசு அடிமைகளின் பிள்ளைகளுக்கு விடுதலை வந்தது. 1855இல் அடிமைமுறையே சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் தரப்படவில்லை. அடிமை கூலியானார், வரப்பும் வாசலும் அப்படியே இருந்தன.

அந்த வாசலை முதலில் அசைத்த இடங்களில் ஒன்று மருத்துவமனை. 1838இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1860களில் அங்கிருந்த டாக்டர் ஜான் லோ, பிராமணர் முதல் பறையர் வரை எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அருகருகே காத்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சியும் கொடுத்தார். நோயாளியைப் பராமரிப்பது சாதித் தொழில் என்பது மாறி, படித்துக் கற்கும் தொழிலானது. செவிலியர் வேலையை நம்பி இந்த மாவட்டத்துப் பெண்கள் ஊர் ஊராகப் போகும் பாதை இப்படித்தான் திறந்தது.

1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. கோயில் கதவு அரசாணையால் திறந்தது. அடுக்களைக் கதவுக்கு அப்படி ஓர் ஆணை கிடையாது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் இருந்த மாவட்டத்தில்தான் தனி டம்ளரும் இருக்கிறது.

சட்டம் என்ன செய்யும்? அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆனால் 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 'பொதுப் பார்வையில்' நடந்ததாகாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவுக்குள் வராது என்றது. ஹோம் நர்ஸுக்கு வேலையிடமே நான்கு சுவர்தான். அவர் சாட்சிக்கு யாரை அழைப்பார்? வீட்டுப் பணியாளர்களின் உரிமைக்கான ஐ.எல்.ஓ.வின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது; இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

நம்மால் ஆவது சில உண்டு. பராமரிப்பாளரை அனுப்பும்போதே சம்பளம், வார விடுமுறை, உறங்கும் இடம், சாப்பாடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "என்ன ஆளு" என்று கேட்டால், "பயிற்சி பெற்ற ஆளு" என்று சொல்லி நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. உங்கள் தெருவில் இந்த வேலைக்குப் போகும் பெண்களை அதில் பதிவு செய்ய உதவுங்கள்.

அந்த அக்கா மூன்று மாதம் வேலை பார்த்தார். பெரியவர் மறுபடி எழுந்து உட்கார்ந்த அன்று, அக்கா கையால் ஒரு வாய் கஞ்சி கேட்டாராம். கஞ்சியை அம்மைதான் அடுக்களையிலிருந்து எடுத்துவந்து, வாசலில் நின்ற அக்காவிடம் நீட்டினார்.