யுத்த தாங்கியும் அதன் எண்ணிக்கையும்

மட்டக்களப்புப் பகுதியில் ‘தாங்கி’ என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது நீர்த் தாங்கியே. ஆங்கில ஆட்சிக்கால அறிக்கைகளைப் புரட்டுவோர், உன்னிச்சைக் குளமும் உறுகாமக் குளமும் ‘டாங்க்’ என்ற சொல்லாலேயே குறிக்கப்பட்டிருக்கக் காண்பர். நீர் தேங்கும் இடத்தைக் குறிக்கும் அச் சொல்லை ஆங்கிலேயர் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பெற்றனர் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியர் இரகசியமாக ஒரு போர் ஊர்தியை ஆக்கினர். உண்மையை மறைக்கும் பொருட்டு, அது நீர் கொண்டுசெல்லும் தொட்டி என்ற எண்ணம் தோன்றுமாறு அதற்கும் அதே பெயரைச் சூட்டினர். மறைவுக்காக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. இவ்வாறே நெல்லை விளைவிக்கும் குளத்தின் பெயர், நிலத்தைப் பாழாக்கும் இரும்பு ஊர்தியின் பெயரும் ஆயிற்று. தமிழிலும் அது யுத்த தாங்கி என வழங்கலாயிற்று.

அவ்வூர்தி முதன்முதலாகப் போர்முனை கண்டது 1916 செப்டெம்பர் 15ஆம் நாள், பிரான்ஸ் நாட்டின் சொம் ஆற்றுப் பகுதியிலாகும். அன்று 49 தாங்கிகள் கையிருப்பில் இருந்தன. அவற்றுள் 32 மட்டுமே புறப்பட வேண்டிய இடத்தை உரிய வேளையில் அடைந்தன. மற்றவை பழுதுற்றும் சேற்றிற் புதைந்தும் வழியிலேயே நின்றுவிட்டன. தாங்கியின் வரலாறு முழுமைக்கும் இம் முதல் நாளே முன்னுரையாக அமைந்தது எனலாம். ஏட்டில் எழுதப்படும் எண்ணிக்கை வேறு, களத்தில் நிற்கும் வலிமை வேறு. எண்ணிக்கைக்குப் பின்னால் மூன்று காரணிகள் இருக்கின்றன. ஊர்தியைப் பேணும் பட்டறை ஒன்று; அதனைச் செலுத்தும் மனிதர் ஒன்று; அது செல்லும் நிலம் ஒன்று. இம் மூன்றையும் ருஷ்ய நாட்டுத் தாங்கிகளின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். உலகில் வேறெந்த நாடும் ருஷ்யாவைப் போல் தாங்கிகளின் எண்ணிக்கையில் நம்பிக்கை வைத்ததில்லை.

1941 ஜூன் 22ஆம் நாள் ஜேர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபோது, சோவியத் படையிடம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாங்கிகள் இருந்தன. படையெடுத்து வந்த ஜேர்மனியரிடம் இருந்தவையோ ஏறத்தாழ 3,500. ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள் சோவியத் படை அவ் இருபதாயிரத்தையும் அநேகமாக இழந்துவிட்டது. பலவற்றில் வானொலிக் கருவி இல்லை. உதிரிப் பாகங்கள் இல்லை. ஓட்டுநர் பலர் போதிய பயிற்சி பெறாதவர். எரிபொருள் தீர்ந்து தெருவோரம் கைவிடப்பட்டவையும் பல.

அத்தோல்வியிலிருந்து அந்நாட்டை மீட்ட கருவிகளுள் ஒன்று ரி-34 என்னும் தாங்கி. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மிக்கயில் கொஷ்கின். அவர் கார்கோவ் நகரத்துத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1940 மார்ச் மாதத்துக் கடுங்குளிரில் இரண்டு மாதிரி ஊர்திகள் கார்கோவிலிருந்து மொஸ்கோ வரை ஓட்டிச் செல்லப்பட்டன. அப் பயணத்தில் அவரும் சென்றார். அதனாற் கண்ட சளிச்சுரம் அவரை விடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் காலமானார். 1941இல் ஜேர்மனியர் நெருங்கியபோது, கார்கோவ் தொழிற்சாலையின் பொறிகளையும் தொழிலாளரையும் புகைவண்டிகளில் ஏற்றி, ஊரல் மலைப்பகுதியின் நிஸ்னி தகில் நகருக்குக் கொண்டு சென்றனர். போரை வென்றதில் படைக்கலத்துக்கு எத்துணைப் பங்குண்டோ, அத்துணைப் பங்கு அப் பட்டறை இடமாற்றத்துக்கும் உண்டு. இன்றும் ருஷ்யாவின் தலைமைத் தாங்கித் தொழிற்சாலை அங்கேதான் உள்ளது. ஆனால் ரி-34 பிறந்த கார்கோவ் நகரமோ இன்று உக்ரேனுக்கு உரியது. 2022 முதல் அந்நகரம் ருஷ்யாவின் குண்டுகளுக்கு இலக்காகி வருகின்றது.

போருக்குப் பின் வந்தவை ரி-54, ரி-55 என்னும் தாங்கிகள். 36 தொன் எடையும் 100 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்ட ரி-55, ஆசியா, ஆபிரிக்கா எங்கும் பரவியது. 1973இல் படையிற் சேர்ந்த ரி-72இல் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. குண்டை எடுத்துப் பீரங்கியில் இடும் வேலையை மனிதரிடமிருந்து பொறி ஏற்றுக்கொண்டது. நால்வர் இருந்த இடத்தில் மூவர் போதுமென்றாயிற்று. உயரம் குறைந்தது, நிறை நாற்பது தொன்னை அடுத்து நின்றது, விலையும் தாழ்ந்தது. ஆனால் 22 குண்டுகள் அடங்கிய சுழல்தட்டு ஒன்று வீரர் அமர்ந்திருக்கும் சுழல்மேடையின் அடியிலேயே அமைந்தது. பகைவரின் கணை கவசத்தைத் துளைத்து அவ்விடத்தைத் தொடுமாயின், குண்டுகள் ஒருங்கே வெடித்துச் சுழல்மேடையையே வானில் தூக்கி எறியும். 1991இல் ஈராக்கிலும் 2022க்குப் பின் உக்ரேனிலும் உலகம் இக் காட்சியைக் கண்டது. மலிவும் சிறுமையும் வேண்டிச் செய்த அமைப்புக்கு விலை கொடுத்தவர் உள்ளே இருந்த மூவரே.

ரி-72க்குப் பின் 1990களில் ரி-90 வந்தது. 2015 மே 9ஆம் நாள் மொஸ்கோ வெற்றி விழா அணிவகுப்பில் ரி-14 அர்மாத்தா காட்டப்பட்டது. இதன் சுழல்மேடையில் ஆளில்லை. மூவரும் முன்புறத்தில் கவச அறையொன்றில் அமர்வர். பழைய குறையை உணர்ந்து செய்த திருத்தம் அது. 2020ஆம் ஆண்டுக்குள் 2,300 ரி-14 தாங்கிகள் படையிற் சேருமென முதலில் அறிவித்தனர். அவ்வாறு நடக்கவில்லை, அதன் விலை மிகுதி என்று ருஷ்ய அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். ஆகவே புதியதைப் பெருக்குவதைவிடப் பழையதைப் புதுக்குவதே வழியாயிற்று. ரி-72 தாங்கிகளுக்கு மேற்கவசமும் இரவிற் காணும் கருவியும் பூட்டி, ரி-72பி3 என்று பெயரிட்டனர். அவ் இரவுக் கருவியின் உள்ளுறுப்போ சில காலம் பிரான்ஸ் நாட்டு நிறுவனமொன்றிலிருந்து வந்தது. வல்லரசின் பட்டறையும் பிறர் பட்டறையை நம்பி நின்றது.

உக்ரேன்மீது படையெடுத்த காலத்தில் ருஷ்யாவிடம் ஏறத்தாழ மூவாயிரம் தாங்கிகள் பணியிலும், பத்தாயிரம் அளவில் கிடங்குகளிலும் இருந்தன என்பது இலண்டன் பன்னாட்டுப் போரியல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. 2024 தொடக்கத்துள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டன என்று அந் நிறுவனமே கணித்தது. போரைத் தொடங்கியபோது பணியிலிருந்த தொகை எவ்வளவோ, இழந்த தொகையும் அவ்வளவு. ஆயினும் படை தாங்கியின்றி நின்றுவிடவில்லை. கிடங்கிலிருந்தவை வெளியே வந்தன. 2022இல் ரி-62 தாங்கிகளும், 2023இல் அவற்றிலும் மூத்த ரி-54, ரி-55 தாங்கிகளும் களத்தை நோக்கிப் புறப்பட்டன. சில நூறு டொலர் பெறுமதியான சிறு ஆளில்லா வானூர்தி, பல இலட்சம் பெறுமதியான தாங்கியைத் தேடி வந்து தாக்கியது. அதற்கு அஞ்சி வீரர் இரும்புக் கம்பிகளையும் தகடுகளையும் கூடாரம்போற் பொருத்திக் கொண்டனர். ஆமை ஓடு போன்ற தோற்றத்தால் அவற்றுக்கு ஆமைத் தாங்கி என்றே பெயர் வழங்கிற்று.

ருஷ்ய அமைப்பிலான தாங்கிகள் தமிழ்நாட்டிலும் உருவாகின்றன. சென்னையை அடுத்த ஆவடியில் 1961இல் அடிக்கல் நாட்டப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையில், 1965இல் பிரித்தானிய அமைப்பிலான விஜயந்தா வெளிவந்தது. 1980களின் பிற்பகுதியில் ரி-72, அஜேயா என்ற பெயரில் அங்கே ஆக்கப்பட்டது. 2001இல் ரி-90 தாங்கிகளுக்கு உடன்படிக்கை செய்யப்பட்டு, 2009இல் ஆவடியிலாகிய முதல் ரி-90கள் பீஷ்மா என்ற பெயருடன் படைக்கு ஒப்படைக்கப்பட்டன. 2025 மார்ச்சில் ரி-72களின் 780 குதிரைவலு இயந்திரத்துக்குப் பதிலாக ஆயிரம் குதிரைவலு இயந்திரம் பெற, 24 கோடியே 80 இலட்சம் டொலருக்கு ருஷ்யாவுடன் உடன்படிக்கையாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன் அமைத்த ஊர்தியை இன்னும் பேணுவதற்கு இத்துணைச் செலவு வேண்டியிருக்கின்றது.

நிலத்தின் ஆட்சிக்கு வருவோம். ஆவடியிலாகிய தாங்கிகள் பாலையிலும் வயல்வெளியிலும் ஓடின. 2020இல் லடாக்கின் உயர்மலையிலும் நிறுத்தப்பட்டன. 2024 ஜூன் மாதம் அங்கே சியோக் ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் வெள்ளம் திடீரெனப் பெருக, ரி-72இல் இருந்த ஐவர் உயிரிழந்தனர். பகைவர் எவரும் அங்கில்லை. நீர் ஒன்றே போதுமாயிற்று.

ஈழ நாட்டிலும் நிலமே வழி வகுத்தது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கிச் சிக்குண்ட இந்தியப் படையினரை மீட்க ரி-72 தாங்கிகள் புறப்பட்டன. தெருக்களிற் கண்ணிவெடிகள் இருந்தமையால், அவை புகைவண்டித் தண்டவாளத்தின் வழியே சென்றன. 1991இல் இலங்கை இராணுவம் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து ரி-55 தாங்கிகளைப் பெற்றது. அவை பங்குகொண்ட பெருஞ் சமர்கள் பெரும்பாலும் வட பகுதிச் சமவெளிகளிலேயே நிகழ்ந்தன.

கிழக்கில் நிலைமை வேறு. மட்டக்களப்பு வாவி பங்குடாவெளி தொடங்கிக் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே எழுவான்கரையின் மணற்பட்டி. மேற்கே படுவான்கரையின் வயற்பரப்பு. மாரியில் வெள்ளம் பாய்ந்தால் வயல் எது, வாவி எது என்று பிரித்தறிய இயலாது. கல்லடியில் நெடுங்காலம் ஒரு வேளையில் ஒரு திசையில் மட்டுமே வாகனம் செல்லத்தக்க ஒடுங்கிய இரும்புப் பாலமே இருந்தது. அதனருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை, ‘பாதை’ என மக்கள் வழங்கும் மிதவையே வாகனங்களைக் கரைசேர்த்தது. நாற்பது தொன் இரும்புக்கு ஏற்ற நிலமன்று இது. போர்க்காலத்தில் எழுவான்கரை நகரங்கள் அரசின் பிடியிலும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் பிடியிலும் நெடுநாள் இருந்தமைக்கு வாவியும் ஒரு காரணம். அந் நிலை 2007இல் முடிவுற்றது. எந்த நீர் கனரக ஊர்திகளுக்குத் தடையாய் நின்றதோ, அதே நீர் நோயாளரையும் மாணவரையும் சோதனைச் சாவடிகளில் காத்து நிற்கச் செய்தது. தாங்கி வராத இடத்துக்குப் போர் வராமல் இருந்துவிடவில்லை.

இக்காலச் செய்திகளில் நூறு தாங்கிகள் அழிந்தன, ஆயிரம் தாங்கிகள் புதுக்கப்பட்டன என்ற கணக்குகள் நாள்தோறும் வருகின்றன. ஒரு ரி-72இல் மூவர் அமர்வர். ஆகவே மூவாயிரம் தாங்கிகள் என்பது ஒன்பதாயிரம் இருக்கைகள். அவற்றில் அமர்ந்தவர் அனைவரும் மாண்டாரல்லர். ஆனால் அனைவரும் ஒரு தாயின் பிள்ளைகள். அவர்கள் பீரங்கி நோக்கிய திசையில் இருந்த வீடுகளும் பள்ளிகளும் அக் கணக்கில் இடம்பெறுவதில்லை. பட்டறை தாங்கியைப் புதுக்கித் தரும். மனிதரைப் புதுக்கித் தரும் பட்டறை எந்த நாட்டிலும் இல்லை. இருகரையிலும் பிள்ளைகளை இழந்த மட்டக்களப்பு மக்களுக்கு இது எவரும் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று.