நடுவீட்டில் வைத்த நாய்

மெல்பன் நகரின் புறநகர் ஒன்றில், கார் கழுவும் நிலையத்தை ஒட்டிச் சிறு கொட்டகை ஒன்று உண்டு. உள்ளே இடுப்பளவு உயரத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, நாய் ஏறி வருவதற்குச் சாய்வுப் பலகை, கழுத்துப் பட்டையை மாட்டிவைக்க ஒரு சங்கிலி. பத்து டாலர் போட்டால் ஏறத்தாழப் பத்து நிமிடம் இயந்திரம் இயங்கும். சோப்பு நீர், அலசு நீர், உண்ணி மருந்து, உலர்த்தும் காற்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். முடிந்தபின் தொட்டியைக் கழுவக் கிருமிநாசினிக்கும் ஒரு பொத்தான். ஏவலாள் எவரும் இல்லை. உரியவர்தாம் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு குனிய வேண்டும். நாம் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தங்கை கணவர் தம் நாயோடு நம்மையும் அங்கே அழைத்துப் போனார். அலுவலகத்தில் பலரை ஏவும் பதவியில் இருப்பவர் அவர். அந்நாயின் பாதங்களை விரல் விரலாக விலக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் தமிழ் படித்த எவருக்கும் எழக்கூடிய பழமொழி நம் நாவின் நுனிவரை வந்தது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலை ஆட்டிக்கொண்டு எங்கே போகும் என்பதைச் சொல்லும் பழமொழிதான். சொல்லாமல் விழுங்கினோம். அதற்கொரு பழைய காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி வகுப்பொன்றில் பழமொழிகளின் யாப்பமைதியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மோனைக்குச் சான்று வேண்டியிருந்தது. 'நாயை', 'நடுவீட்டில்' என்று எடுத்துக்காட்டிவிட்டு, இயற்கைக் குணம் மாறாது என்பதே இதன் கருத்து என்றும் சொல்லி வைத்தோம். வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவர், தாயார் பட்டாசு ஆலைத் தொழிலாளி, அக்குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள். அவர் தலை ஏன் குனிந்தது என்று அன்று நாம் கேட்கவில்லை. இப்பழமொழி தெருவில் எவரை நோக்கி எறியப்படுகிறது என்பது நமக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மோனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட திரட்டில் மட்டும் 6000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் உள்ளன. ஜென்சனின் திரட்டு 1897இல் வந்தது. இத்தகைய தொகுப்புகளைப் புரட்டினால் நாய் எத்தனை இடங்களில் வசைக்கருவியாக நிற்கிறது என்பது புலப்படும். எனினும் தமிழ் மரபு நாயை எப்போதும் இப்படியே பார்த்தது என்று கொள்வது பிழை. சங்க நூல்களில் ஞமலி, ஞாளி, முடுவல் என்று அது வேட்டுவனின் உடனுழைப்பாளியாக வருகிறது. பெரியபுராணத்தில் திண்ணனாரின் கன்னிவேட்டைக்கு நாய்கள் முன்னோடுகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட கல் அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்த அக்கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பொறித்து வைத்துள்ளது. எத்தனையோ மனிதர்களின் பெயரைக் காப்பாற்றாத வரலாறு ஒரு நாயின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது வியப்புக்குரியது.

பக்திப் பனுவல்களில்தான் 'நாயேன்', 'நாயடியேன்' என்ற சொற்கள் பெருகுகின்றன. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அடியார் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அது. அதே சொல்லை ஒருவர் பிறர்மேல் சூட்டும்போது நிகழ்வது வேறு.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இம்மாவட்டம் இரண்டு நாயினங்களின் பெயரில் ஊர்களைக் கொண்டது. ஊர்களின் பெயரில் நாய்களைக் கொண்டது என்றும் சொல்லலாம். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து இராசபாளையம் ஒன்று, கரிசல் காட்டுச் சிப்பிப்பாறை மற்றொன்று. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராசபாளையம் நாய், இந்திய அஞ்சல் துறை 2005 சனவரியில் வெளியிட்ட நான்கு நாயினத் தலைகளில் ஒன்றாக இடம்பெற்றது. முதோல், இராம்பூர் வேட்டைநாய்களும் இமயமலை மேய்ப்பு நாயும் மற்ற மூன்று. சிப்பிப்பாறை நாயோ ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் சாட்டை போன்ற வாலும் கொண்டு, முயலை விரட்டுவதற்கென்றே வார்த்தெடுத்தாற்போன்ற உடலுடையது. அதன் உறவான கன்னி நாயை மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அப்பெயர் வந்தது என்று முதியவர்கள் கூறுவர். கன்னி என்பதற்கு வேறு விளக்கம் கூறுவோரும் உளர். 2017இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் படித்தபின்னரே நம் ஊர் நாயை நம்மவர் பலர் திரும்பிப் பார்த்தனர் என்பது ஒரு சிறு வேதனை.

பாளையப்பட்டுப் போர்களில் இந்நாய்கள் வெள்ளையர் குதிரைப்படைமேல் பாய்ந்தன என்னும் கதைகளும் இங்கே உலவுகின்றன. அவற்றை ஆர்வத்தோடு கேட்கலாம்; வரலாறாக எழுதுவதற்கில்லை. நாம் தேடியது வேறொன்று. இந்த நாய்களைக் குளிப்பாட்டியவர் யார்? எந்த நீரில்?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். மழைமறைவுப் பகுதியான இம்மண்ணில் நீர் என்பதே ஒரு சட்டப் புத்தகம். ஊருணி குடிப்பதற்கு, அதில் கால் கழுவினாலும் ஊர் கூடும். கண்மாய் மாட்டுக்கும் துணிக்கும் குளிப்புக்கும் உரியது. அதிலும் எந்தக் கரையில் யார் இறங்கலாம் என்பதற்கு எழுதப்படாத விதி இருந்தது. 1927 மார்ச் 20இல் மகாத் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீரள்ளிக் குடித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஆடுமாடுகள் வாய்வைத்த குளத்தில் மனிதர் சிலருக்குத் தடை என்பதே அன்றைய வழக்கு. அது மராட்டியத்தில் நடந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது.

ஆங்கிலேயர் இந்தியாவில் நடத்திய குடித்தனங்களில் சமையல்காரர், குதிரைக்காரர் வரிசையில் நாய் பார்ப்பவருக்கும் ஓர் இடம் இருந்தது. வடக்கே அவருக்குத் 'தோரியா' என்று பெயர். நம்மூர்ப் பெருநிலக்காரர் வீடுகளில் அப்பணிக்குத் தனிப்பெயர் கூட இல்லை. பண்ணையாளின் எண்ணற்ற வேலைகளில் அதுவும் ஒன்று. வெள்ளை நாய் வைத்திருந்தவர்களுக்கு அந்த வெண்மையைக் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. செம்மண்ணும் கரிசலும் புழுதி பறக்கும் ஊரில் வெள்ளை நாய் வெள்ளையாகவே இருந்ததென்றால், யாரோ ஒருவர் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, உண்ணி பிடுங்கி, தேய்த்து, அலசியிருக்கிறார் என்று பொருள்.

மெல்பனிலிருந்து திரும்பிய சில வாரங்களில் அந்தப் பழைய மாணவரைத் தேடிச் சென்றோம். இன்று அவர் பள்ளி ஆசிரியர். இரண்டு சிப்பிப்பாறை நாய்களும் கருங்கன்னி ஒன்றும் வளர்க்கிறார். வகுப்பில் சொன்ன பழமொழியை நாமே எடுத்தோம், அவர் மறந்திருக்கவில்லை.

"அதச் சொன்னவரு நாயக் குளிப்பாட்டிப் பாத்திருக்க மாட்டாருங்கய்யா. எங்க தாத்தா பாத்திருக்காரு" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நம் சொற்களில் தருகிறோம். காமராசர் ஆட்சிக்காலத்தில் மின்கம்பங்கள் சிற்றூர்களை எட்டிய பின், பாட்டனார் வேலைபார்த்த தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் பொருத்தினார்கள். குழாயடியில் சிமெண்டுத் தொட்டி. நிலக்காரரின் நாயைக் கிழமைக்கு ஒருமுறை அத்தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டுவது பாட்டனாரின் வேலை. நாய் தொட்டிக்குள் நிற்கும். பாட்டனார் வெளியே நின்று கைகளை மட்டும் நீட்டித் தேய்ப்பார். அவர் தொட்டிக்குள் இறங்கலாகாது. நாய் குளித்த நீர் வாய்க்காலில் ஓடுமல்லவா, அந்த வாய்க்காலின் கடைமடையில் அவர் குளித்துக்கொள்ளலாம். குளித்த நாயைத் துவட்டி வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார். நாய் படியேறி உள்ளே சென்று கூடத்தில் படுத்துக்கொள்ளும். பாட்டனார் வாசலிலிருந்தே திரும்பிவிடுவார்.

நடுவீட்டில் வைத்த நாய் என்பது நம் காதுக்கு அதுநாள்வரை உவமையாகவே இருந்தது. அது நடந்தது என்பதும், அந்நாயைக் குளிப்பாட்டிய கைகளுக்கு அந்த நடுவீடு எப்படியிருக்கும் என்றே தெரியாது என்பதும் அன்றுதான் உறைத்தது. இப்பழமொழிக்கு உரை எழுதிய ஒருவரும் குளிப்பாட்டியவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நாமும் மோனைதான் எழுதினோம்.

வேட்டை பின்னர் மறைந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல்வேட்டை குற்றமாயிற்று. முயல் ஓடிய வெளியும் சுருங்கியது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் விதைத்தது, பின்னர்ப் பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்தது. மழை குறைந்த, ஈரமற்ற காற்று அத்தொழிலுக்கு உகந்தது. மருந்துக் கொட்டகைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும் என்பது விதியாதலால் ஆலைகள் பரந்த வெற்று நிலத்தை நாடின. நாய்கள் முயல் துரத்திய கரிசல் வெளியில் இன்று கம்பிவேலிக்குள் சிறு சிறு அறைகள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. சிப்பிப்பாறை என்ற பெயர் வேறு மாநிலத்தவர்க்கு நாயை நினைவூட்டும். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் அப்பெயரைச் சொன்னபோது நாடே கேட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சிப்பிப்பாறைப் பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் தொழிலாளர் பலர் மாண்டதை அந்த அளவுக்கு எவரும் கேட்கவில்லை.

மாலையில் மாணவர் நம்மைப் பம்புசெட்டுக்கு அழைத்துச் சென்றார். பாட்டனார் வேலைபார்த்த தோட்டம் அன்று. அவர் குடும்பம் குத்தகைக்கு எடுத்துள்ள இரண்டு ஏக்கரில் உள்ள கிணறு. விவசாய மின்சாரம் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லை என்பதால் காசு போடும் துளை இல்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருப்பதே கட்டணம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் மூன்று நாய்களும் தாமே வந்து நின்றன. முதலில் கருங்கன்னி. காதுக்குள் நீர் புகாமல் இடக்கையால் மூடிக்கொண்டு வலக்கையால் தேய்த்தார். குறுமயிர் நாய்க்கு அடிக்கடி சோப்பு ஆகாது, தோல் வறண்டு சொறி பிடிக்கும், மாதம் ஒருமுறை போதும் என்றார். விலாவில் உண்ணி இருக்கிறதா என்று மயிரை எதிர்த்திசையில் கோதிப் பார்த்தார். நாய் தொட்டிக்குள் நின்றது. அவரும் தொட்டிக்குள் நின்றார்.

அதற்குள் அவருடைய தாயார் ஆலையிலிருந்து வந்தார். அன்று அலுமினியப் பொடி புழங்கும் அறையில் வேலை போலும். முன்கையும் புருவமும் வெள்ளி பூசினாற்போல் மின்னின. நாய்கள் மூன்றும் வாலாட்டினவே தவிர அருகே செல்லவில்லை.

"குளிச்சாத்தான் பக்கத்துல வரும், சார். மருந்து வாடை ஆகாது அதுகளுக்கு" என்றார் தாயார். தீபாவளி நாளில் மூன்றையும் வீட்டுக்குள் விட்டுக் கதவை அடைத்துவிடுவார்களாம். ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்பும் வீட்டில் அன்று வெடி கிடையாது.

மெல்பன் கொட்டகையைப் பற்றிச் சொன்னோம். இயந்திரம், பொத்தான்கள், உலர்த்தும் காற்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், எவ்வளவு துட்டு என்றார். நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வரும் என்றோம்.

"என் ஒரு நாக் கூலி" என்று சிரித்தபடி, சோப்புடன் தொட்டிக்குள் இறங்கினார். மகன் நாய்களை ஓட்டிக்கொண்டு நம்மோடு வரப்புக்கு வந்தார். கருங்கன்னி நம் பக்கத்தில் நின்று உடலை ஒரு உதறு உதறியது. வேட்டி முழுவதும் நனைந்துபோயிற்று.